ஆடிட் அன்று சொல்லும் பதில்

"வீட்ல இங்கிலீஷ் பேப்பர் வாங்குறவங்க புள்ளைங்களுக்கே இந்தப் பரீட்சை தண்ணி காட்டும். நீ ஏழாவது வரைக்கும் தமிழ் மீடியம்ங்குற. தாங்குவியாம்மா?"

ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேலே கோச்சிங் சென்டர் நடத்திய சார், என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அடுத்த தாளைப் புரட்டினார். அந்த ஈரம் காகிதத்தின் மூலையில் வட்டமாகப் படிந்தது. நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பி.யூ.சி. என்கிற பிளஸ் டூவில் நான் வாங்கிய இங்கிலீஷ் மார்க் அவர் விரலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. படித்தவர்தானே, படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீடு பொம்மனஹள்ளியில். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் போனதெல்லாம் என் பெற்றோர் கூட்டங்களுக்காகத்தான். ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸில் பதினாறு வருஷமாகச் சட்டைக்குக் காலர் வைக்கிறார். அப்பா கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுபவர். ஆஸ்பத்திரிச் சீட்டோ பி.எஃப். கடிதமோ, வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் ஒன்பது வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்கிறேன். பக்கத்து வீடுகளிலிருந்தும் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிரும். அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. இங்கிலீஷ் இலக்கியம்தான் படிப்பேன் என்று முடிவு செய்ததும் அந்த நிமிர்வில்தான்.

நான் விரும்பிய கல்லூரியில் அதற்கு பி.யூ.சி. மார்க் மட்டும் போதாது. அவர்களே ஒரு பரீட்சை வைப்பார்கள். ஒரு மணி நேரம். பாதி வாசிப்பு, பாதி சொல்வளம். அதில் தேறாவிட்டால் எனக்கு வேறு வழி காத்திருந்தது. அம்மா வேலை செய்யும் அதே கார்மென்ட்ஸில், செக்கிங் டேபிளில் என் சித்தி எனக்கு இடம் பேசி வைத்திருந்தார். நூல் பிசிறு வெட்டி, பட்டன் எண்ணி, ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. "நிழல்ல உக்காந்து செய்யுற வேலைடி" என்று சித்தி பெருமையாகச் சொல்வார். அங்கே யாரும் உட்காருவதில்லை, நின்றுகொண்டேதான் செய்ய வேண்டும் என்பது அம்மாவுக்குத் தெரியும். சொல்ல மாட்டார்.

அதனால் அந்த பேக்கரியின் மேல்மாடிக்கு இரண்டு மாதம் போய் வந்தேன். கீழேயிருந்து வெண்ணெய் கருகும் வாசனை வரும். அறைக்குள் ஜெராக்ஸ் மை வாசனை. முப்பது பேருக்கும் ஒரே கட்டு. அந்தக் கல்லூரியின் பழைய வினாத்தாள்கள், நகலின் நகலின் நகல். எங்களுக்கு முன்னால் படித்தவர்கள் போட்ட டிக் அடையாளங்களும் சேர்ந்தே அச்சாகியிருந்தன. வருஷா வருஷம் ஒரு பத்தியாவது பழைய தாளிலிருந்து அப்படியே வரும், அதுதான் இந்தக் கட்டின் மதிப்பு என்று சார் சொன்னார்.

அவருடைய முதல் விதி, பத்தியைப் படிக்காதே. முதலில் கேள்வியைப் பார். கேள்வியில் இருக்கும் பெரிய சொல்லை எடுத்துக்கொண்டு பத்திக்குள் போ. அந்தச் சொல் இருக்கும் வரியில்தான் பதில் இருக்கும். எடுத்துக்கொண்டு வெளியே வா. வாசிப்புப் பரீட்சைக்கு வாசிக்காமல் இருக்கச் சொல்லித் தருகிறார் என்பது எனக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கான்வென்டில் படித்தவள், சுறுசுறுப்பானவள். நான் பத்தியை முதல் வரியிலிருந்து படிப்பதைப் பார்த்து முழங்கையால் இடிப்பாள். "படிக்காதடி. மோப்பம் பிடி" என்பாள். அவள் பென்சில் பத்தியின் மேல் மூக்கைப் போல ஓடும். பத்தில் ஒன்பது சரியாக வரும். பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் தெரியாது. சிரிப்பாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்குப் பதில் கிடைத்துவிடுகிறதே என்பதுதான் அருவருப்பாக இருந்தது.

சொல்வளம் இன்னும் மோசம். ஒரு சொல், அதற்கு ஒரு பொருள், எதிர்ச்சொல் ஒன்று. சார் முன்னால் சொல்ல, முப்பது பேரும் பின்னால் சொல்வோம். நான் வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் ஒரு அட்டைக்கு ஒரு சொல் என்று எழுதி வைத்திருந்தேன். பஸ்ஸில் ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற ஒரு ஆளையோ ஒரு பொருளையோ ஜன்னலுக்கு வெளியே தேடுவேன். கிடைத்ததும் அந்தச் சொல் எனக்குச் சொந்தம். அதே சொல் அந்த மேல்மாடியில் எச்சில் பட்ட மிட்டாயாக வாய்க்கு வாய் மாறியது. வீட்டுக்குத் திரும்பியதும் முகம் கழுவுவேன்.

அந்தக் கட்டில் இன்னொன்றையும் கவனித்தேன். குப்பை பொறுக்கும் பெண்கள், தண்ணீருக்கு நடக்கும் பெண்கள், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள். பத்திக்குப் பத்தி எங்கள் வீட்டு ஆட்கள்தான். யாரோ காரில் வந்து, பார்த்து, பரிதாபப்பட்டு, எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை நறுக்கிக் கீழே ஐந்து கேள்வி போட்டிருக்கிறார்கள்.

பதினோராவது பத்தி ஒரு கார்மென்ட் தொழிற்சாலையைப் பற்றியது.

எழுதியவர் ஒரு நாள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். வெளிச்சம் நன்றாக இருந்தது. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தண்ணீர் பாட்டில் நிரம்பியிருந்தது. கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. இவ்வளவு வசதி இருந்தும் அந்தப் பெண்கள் போதிய தண்ணீர் குடிப்பதில்லை, அதனால் நோய்வாய்ப்படுகிறார்கள், உடல்நலம் பற்றிய விழிப்புணர்வு அவர்களிடம் இல்லை என்று வருத்தத்தோடு முடித்திருந்தார். மூன்றாவது கேள்வி, அந்தப் பெண்கள் ஏன் தண்ணீர் குடிப்பதில்லை? நான்கு பதில்கள். வசதி இல்லை. விழிப்புணர்வு இல்லை. இடத்தை விட்டு எழ முடியாது. தண்ணீரின் சுவை பிடிக்காது.

மாதிரித் தேர்வில் அந்தப் பத்தி வந்தபோது நான் மூன்றாவதை டிக் செய்தேன். யோசிக்கவே இல்லை. அம்மாவின் பாட்டில் காலையில் நிரம்பிப் போகும், மாலையில் நிரம்பியே திரும்பும். எங்கள் ஏரியாவில் தண்ணீரைக் கொட்ட மாட்டோம். அந்தத் தண்ணீரில்தான் சாயங்கால டீ. கழிப்பறைக்குப் போக ஒரு மெஷின் வரிசைக்கு, லைனுக்கு, ஒரே ஒரு டோக்கன். அது முன்னால் போனவளோடு போயிருக்கும். அது வந்து, அம்மா போய்த் திரும்புவதற்குள் மெஷின் முன்னால் தைக்க வேண்டிய பீஸ் குவிந்துவிடும், சூப்பர்வைசர் தலைக்கு மேலே நின்று "பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்துவான். அதற்குக் குடிக்காமலே இருந்துவிடலாம். வருஷத்துக்கு இரண்டு முறை அம்மாவுக்கு நீர்க்கடுப்பு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

சார் என் தாளை எடுத்து வகுப்பின் முன்னால் நின்றார்.

"மூணாவது. ஏம்மா, பாஸேஜ்ல எந்த லைன்ல இருக்கு இது?"

"பாஸேஜ்ல இல்ல சார். எங்க அம்மா கார்மென்ட்ஸ்லதான் வேலை செய்யுறாங்க. அங்க எழுந்து போக முடியாது."

யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பேனா மூடியால் காதைக் குடைந்து, மூடியைப் பார்த்து, சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பாஸேஜ்ல என்ன இருக்கோ அதை எழுது. உங்க வீட்ல என்ன இருக்குன்னு எவன் கேட்டான்?"

அவர் சொன்னது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பரீட்சையின் விதி அதுதான். பத்தியில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். அவர் சரி, அம்மாவின் பாட்டிலும் சரி, இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பத்தியை எடுத்துத் தமிழில் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஒரு பீன்ஸை நாரெடுத்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"டேபிளுக்கு டேபிள் பாட்டில் இருந்துச்சுன்னா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

"பாத்ரூம் சுத்தமா இருந்துச்சாமா?"

"ஆமா."

"அப்ப ஆடிட் அன்னிக்கு வந்திருக்காங்க."

அதுவரை அம்மா என்னிடம் ஆடிட்டைப் பற்றிச் சொன்னதே இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஆட்கள் பார்வையிட வரும் நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தின நாள் பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் வைப்பார்கள். டோக்கனை எங்கோ ஒளித்துவிடுவார்கள். தண்ணீர் கிடைக்கிறதா, ஓய்வு கிடைக்கிறதா, திட்டுகிறார்களா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று லைன் லைனாக நிற்க வைத்துச் சொல்லித் தருவார்கள். முன்னால் ஒருத்தி சொல்ல, பின்னால் எல்லோரும் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் போகாத அம்மா இரண்டே கேள்வி கேட்டார். அந்தப் பத்தி எந்த நாளில் எழுதப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த மேல்மாடியில் முப்பது பேர் பென்சிலால் மோப்பம் பிடித்தோம்.

நான் அந்தப் பொய்யை டிக் செய்ய மாட்டேன், பரீட்சையில் வந்தாலும் மாட்டேன் என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்க சித்தி டேபிள்ல நின்னு நூல் வெட்டப் போறியா? ஆடிட் அன்னிக்கு நாங்க சொல்லலியா, எல்லாம் நல்லா இருக்குன்னு? வேலை வேணும்னா சொல்றோம். சீட்டு வேணும்னா நீயும் சொல்லு."

பரீட்சை நாளில் அந்தப் பத்தி வந்தது. சார் சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாமல். மற்ற பத்திகளை நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். ஒன்று தேனீக்களைப் பற்றியது, நன்றாக இருந்தது. சொல்வளப் பகுதியில் என் கல்யாணப் பத்திரிகை அட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. கடைசியில்தான் அந்த மூன்றாவது கேள்விக்குத் திரும்பினேன். செக்கிங் டேபிளை நினைத்தேன். விழிப்புணர்வு இல்லை என்பதன் மேல் டிக் செய்தேன். பென்சில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னால் சீரணிக்க முடியாதது. வெளியே வந்து குழாயில் கை கழுவினேன். ஒருமுறை கழுவி, மறுபடியும் கழுவினேன்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. வேண்டிய மார்க்கைவிட எட்டு மார்க் அதிகம். அந்த ஒரு கேள்விக்கு உண்மையை டிக் செய்திருந்தாலும் எனக்கு சீட் கிடைத்திருக்கும். ஒரு மார்க்குக்காக அம்மாவை விழிப்புணர்வு இல்லாதவள் என்று நானே ஒப்புக்கொண்டுவிட்டேன். அந்த மார்க் தேவைப்படவே இல்லை. கோச்சிங் சென்டர் வாசலில் என் புகைப்படத்தை ஒட்டவா என்று சார் போன் செய்து கேட்டார். என் முகத்தின் மேல் அந்தக் கட்டைவிரல் படுவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சித்திக்கு முகம் சுண்டிவிட்டது. அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார்.

அட்மிஷன் முடிந்த வாரம் நான் இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதினேன். ஒரு பக்கம், என் சொற்களில். ஒரு கார்மென்ட் தொழிற்சாலை, இரண்டு நாட்கள். முதல் நாள் ஆடிட், மறுநாள் சாதாரண நாள். பாட்டில்கள், டோக்கன், மாலை டீ. கீழே ஐந்து கேள்விகள். மூன்றாவது கேள்வி பரீட்சைத் தாளில் இருந்ததேதான், நான்கு பதில்களும் அவர்களுடையவைதான். முடித்ததும் அம்மாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். தன் பேரைப் போட்டிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை, கம்பெனி பேரும் இல்லை என்றேன். பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"டோக்கன் மஞ்சள் இல்லடி. அது பழசு. இப்ப சிவப்பு."

சிவப்பு என்று மாற்றினேன். பழைய பத்தியின் நகலையும் சேர்த்து, அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள், பரீட்சையில் நான் தவறான பதிலை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன் என்று மேலே ஒரு கடிதம் வைத்தேன். நேற்று முன்தினம் இங்கிலீஷ் துறையின் அலுவலகத்தில் கொடுத்தேன். அங்கே இருந்த மேடம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கிளாஸே ஆரம்பிக்கவில்லையே, அதற்குள் என்ன கம்ப்ளெயின்ட் என்றார். கம்ப்ளெயின்ட் இல்லை மேடம், அடுத்த வருஷத் தாளுக்கு ஒரு பத்தி என்றேன். என்னிடமிருந்த நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை குத்தித் தரும்வரை கவுன்டரை விட்டு நகரவில்லை.