பூட்டக்கா திட்டாத நாள்

மத்திய வங்கியின் நாணய மாற்றுப் பிரிவில் என் பக்கத்து மேஜை அவளுடையது. ஒரு டாலருக்கு நம் பணம் எவ்வளவு என்று தினமும் எல்லா வங்கிகளுக்கும் போகும் சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. பதினெட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து ஒரு எண்கூட முன்கூட்டி விழுந்ததில்லை. அவள் வீட்டுக்காரரே பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். பூட்டக்கா என்ற பெயர் சும்மா வரவில்லை.

அந்த விலை தானாக நிற்பதில்லை. டாலர் ஏறினால் வங்கி தன் கையிருப்பு டாலரை விற்று இறக்கும். இறங்கினால் வாங்கி ஏற்றும். அந்த வருஷம் விற்றுக்கொண்டே இருந்தார்கள். கையிருப்பு கரைந்தே போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். திங்கள் முதல் டாலர் விலை நூற்றுக்கு இருபது கூடும் என்பது அதில் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தாளை அவள் திரும்பத் திரும்பப் படித்தது மட்டும் தெரிந்தது.

காரணம் அவள் தம்பி. மகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்ப வீட்டை விற்றுவிட்டு, டாலர் இறங்கட்டும் என்று பணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தான். வாரம் தவறாமல் போன் செய்து, இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா என்பான். அவளும் வாரம் தவறாமல் கிழிப்பாள்.

"அறிவிருக்காடா? என்கிட்ட கேக்குற கேள்வியா இது? வைடா போனை!"

அன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு தடவை தண்ணீர் குடிக்க எழுந்தாள். சொன்னால் வேலை போகும், ஜெயிலே வரலாம். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு போகும். தம்பியின் போன் வந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா," என்றாள். "சாப்பிட்டியா?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்ணை மூடவில்லையாம். கூடப் பிறந்தவன் குடியைக் கெடுத்துவிட்டோமே என்று புலம்பித் தீர்த்திருக்கிறாள். திங்கள் காலை செய்தி வெளியானதும் தம்பி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான்.

"வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் டாலரா மாத்திட்டேன்க்கா!"

"நான் ஒண்ணும் சொல்லலையேடா!"

"நீ திட்டலையே! சாப்பிட்டியான்னு வேற கேட்ட. ஏதோ நடக்கப்போகுதுன்னு நேரா பேங்குக்கு ஓடிட்டேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே, "நான் சொல்லிட்டேனா? நீயே சொல்லு," என்று என்னைக் கேட்டாள். எரிச்சலோடு அவள் டிபன் பாக்ஸை நானே திறந்து வைத்தேன்.

அந்தப் பெண் படித்து வேலைக்கும் போய்விட்டாள். பூட்டக்காவும் ஓய்வு பெற்றுவிட்டாள். இன்றும் தம்பி போன் செய்தால் முதலில் திட்டுதான். சாப்பிட்டாயா என்று மட்டும் அதற்குப் பிறகு அவனை அவள் கேட்டதே இல்லை.