இடது பக்கம் போன பந்து

எங்கள் எஸ்டேட்டில் மழைக்காலம் என்பது பந்து விளையாட முடியாத காலம். பந்தைப் பற்றி அதிகம் பேசிய காலமும் அதுதான். மஞ்சூருக்கு மேலே ஆனி, ஆடியில் மழை பிடித்தால் லேசில் விடாது. ஃபேக்டரிக்குப் பக்கத்து மைதானம் சேறாகிக் கிடக்கும். ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றபடி, அடுத்த சீசனுக்கு யாரை வைப்பது, யாரை எடுப்பது என்று மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். பந்தை ஒருமுறைகூட உதைத்திராதவர்கள்தான் அதில் அதிகம் பேசினார்கள்.

அந்த வருடம் பேச்சில் சூடு கொஞ்சம் கூடுதல். கோடையில் நடந்த எஸ்டேட் போட்டியில், பிக்கட்டிப் பக்கத்து எஸ்டேட்டிடம் எங்கள் அணி மண்ணைக் கவ்வியிருந்தது. அந்த எஸ்டேட் துரையும் எங்கள் துரையும் ஒன்றாகச் சீட்டாடுகிறவர்கள் என்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஆகவே அது துரையின் மானப் பிரச்சினையாகிவிட்டது. அணியைக் கலைத்துப் புதிதாகக் கட்டும்படி டீ மேக்கருக்கு உத்தரவு போனது. டீ மேக்கர் என்றால் ஃபேக்டரியில் தூள் எந்தப் பதத்தில் வரவேண்டும் என்று தீர்மானிக்கிறவர். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் எஸ்டேட்டில் தூளுக்கும் பந்துக்கும் அவரே பொறுப்பு.

அவர் மழையோடு மழையாக ஆள் பிடித்தார். பழைய கோல் கீப்பர் கல்யாணம் முடித்துக் கீழே மில் வேலைக்குப் போய்விட்டதால், விறகு அடுக்குகிறவர்களில் கை நீளமான ஒருவனைப் பிடித்தார். பின்னால் நிற்க மரம் வெட்டுகிறவர்களில் இரண்டு பேர். இடது ஓரத்துக்கு லாரி கிளீனர். எல்லாம் சேர்ந்தும் சென்டர் ஹாஃப் மட்டும் கிடைக்கவில்லை. நடுவில் நின்று பந்தை வாங்கி, யாருக்குக் கொடுத்தால் கோல் விழும் என்று பார்த்து அனுப்புகிறவன்தான் சென்டர் ஹாஃப். அதுவரை அந்த இடத்தில் ஆடிய ஃபேக்டரி ஃபிட்டருக்கு முழங்கால் போய்விட்டது. குழம்பு கொதித்து இறக்குகிற நேரத்தில் உப்பு டப்பாவைக் காணோம் என்கிற கதையாக டீ மேக்கர் அலைந்துகொண்டிருந்தார்.

அந்த அணியில் இடம் கிடைப்பது வெறும் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. பந்தடிக்கிறவனுக்கு ஃபேக்டரியில் பெர்மனென்ட் வேலை. பூட்டுப் போட்டுக்கொள்ளத் தனி வீடு. மற்றவர்கள் தூள் சலிக்கும் நேரத்தில் அவன் மைதானத்தில் இருப்பான், சம்பளம் நிற்காது. செக்ரோல் என்கிற பேர்ப்பதிவில் தொழிலாளி என்று எழுதியிருக்குமே தவிர, அவன் சாப்பிட்டது பந்து போட்ட சோறுதான்.

எங்களுக்கு அந்தச் சோறு ரொம்பத் தேவையாக இருந்தது. நாங்கள் சிலோனிலிருந்து வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நாங்கள் என்றால் அம்மா, சின்ன மாமா, நான். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் மாமாவும் கேசுவல் ஆட்கள். இன்னொரு குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தோம்; நடுவில் அம்மாவின் பழைய சேலை தொங்கியது. மழை முடிந்ததும் கேசுவல் ஆட்களை நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு வேறு கிளம்பியிருந்தது. நிறுத்திவிட்டால் அந்த அரை அறையும் போய்விடும். கடலைத் தாண்டி வந்தவர்களுக்கு அதற்குமேல் எங்கே போவது என்று தெரியவில்லை.

அம்மாவின் அண்ணனான பெரிய மாமா எங்களோடு வரவில்லை. தோட்டத்து ஆட்களில் யார் சிலோனில் இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர் பெண்டாட்டி வீட்டார் சிலோன் பிரஜையாக இருக்க எழுதிக்கொடுத்திருந்தார்கள். அவரும் அவர்களோடு எழுதிவிட்டார். எங்களுக்கு இந்தியா என்று வந்தது. இதைப் பற்றிப் பெரியவர்களுக்குள் என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டேஷனில் பெரிய மாமா எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கித் தந்ததும், அது கப்பலில் நமுத்துப்போனதும்தான். பிஸ்கட்டுக்காக நான் இரண்டு நாள் அழுதேன்.

சிலோனில் எங்கள் தோட்டத்து அணியில் இரண்டு மாமாக்களும் ஆடினார்கள். சின்ன மாமா நடுவில். பெரிய மாமா இடது ஓரத்தில். சின்ன மாமா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பந்தை உயரத் தூக்கி இடது பக்கம் அடிப்பார். அவர் காலைத் தூக்கும்போதே பெரிய மாமா ஓடத் தொடங்கியிருப்பார். பந்தும் அவரும் ஒரே இடத்தில் போய்ச் சேருவார்கள். இவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டதில்லை, கை காட்டியதில்லை. வீட்டிலும் அவர்கள் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. சோற்றுத் தட்டை ஒருவர் நகர்த்தினால் மற்றவர் குழம்பை ஊற்றுவார், அவ்வளவுதான்.

சின்ன மாமா தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற ஆள் இல்லை. அந்தக் குறையை என் வாய் தீர்த்துவைத்தது. பள்ளிக்கூடத்தில் ஃபிட்டரின் மகள் என் பக்கத்தில் உட்காருவாள். என் மாமா அடித்தால் பந்து மேகத்துக்குள் போய்விட்டுத் திரும்பி வரும் என்று அவளிடம் அளந்துவைத்தேன். அது அவள் அப்பா காதுக்குப் போய், அங்கிருந்து டீ மேக்கர் காதுக்கும் போனது. ஒரு சாயங்காலம் அவர் குடையோடு எங்கள் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, நீங்க சிலோன்ல சென்டர் ஹாஃப் ஆடுனீங்களாமா?"

"தோட்டத்து டீம்ல அடிச்சிருக்கேன் ஐயா," என்றார் மாமா.

"ஞாயித்துக்கெழம வாங்க, பாக்கலாமுங்க. நல்லா வந்துச்சுன்னா செக்ரோல்ல பேரு ஏத்திப்போடலாம். இல்லீன்னா எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க. மழ நின்னா கேசுவல் ஆளுகள நிறுத்தச் சொல்லி மேல இருந்து வந்துருச்சு."

மாமா சிலோனில் வெறுங்காலில்தான் ஆடியவர். இங்கே பூட்ஸ் இல்லாமல் இறங்கக்கூடாது என்பது துரையின் சட்டம். சனிக்கிழமை ஃபிட்டர் நொண்டிக்கொண்டே வந்து தன்னுடைய பூட்ஸைக் கொடுத்துவிட்டுப் போனார். அது மாமாவின் காலுக்குப் பெரிது. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தாளை மடித்து மடித்து அம்மா அதன் முனையில் திணித்தாள். நடந்து பார்த்த மாமா, "சரக் சரக்குன்னு எலி ஓடுற மாதிரி இருக்கு அக்கா," என்றார். அம்மா சிரிக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் பூட்ஸை வைத்துக் கும்பிட்டாள். பூட்ஸைக் கும்பிட்ட ஒரே மனுஷி உலகத்தில் என் அம்மாவாகத்தான் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. மைதானத்தைச் சுற்றிப் பெண்கள் கம்பளியோடு நின்றார்கள். மைதானத்தின் இடது பக்கம் முடிகிற இடத்தில் சரிவு. அதில் தேயிலைச் செடிகள். புதிதாகப் பிடித்த ஆட்களை ஒரு பக்கமும் பழைய ஆட்களை மறுபக்கமும் நிறுத்தி, டீ மேக்கர் விசில் ஊதினார்.

மாமாவுக்கு முதல் பந்து வந்தது. பூட்ஸுக்குள் தாளோடு, சேற்றில் சறுக்கிக்கொண்டு, அவர் அதை எப்படித்தான் நிறுத்தினாரோ தெரியாது. நிமிரவில்லை. தூக்கி அடித்தார். பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் இடது ஓரத்தில், எதிர்ப்பக்கத்து ஆட்கள் இரண்டு பேரைத் தாண்டி, மெத்தென்று விழுந்தது. அங்கே யாரும் இல்லை. லாரி கிளீனர் வெகு தூரம் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்று, பந்து போவதை ரசித்துக்கொண்டிருந்தான். பந்து உருண்டு சரிவில் இறங்கித் தேயிலைக்குள் மறைந்தது. பையன்கள் கத்திக்கொண்டு ஓடித் தேடி எடுத்துவந்தார்கள்.

அடுத்த பந்தும் அங்கேயே போனது. அதற்கடுத்ததும் அதே இடம்தான். முதல் பந்து விழுந்த இடத்தில் குழி தோண்டியிருந்தால் எல்லாம் அந்த ஒரே குழியில் விழுந்திருக்கும். மேகத்தைத் தொடுகிற மாமா என்று நான் அளந்ததைக் கேட்ட ஃபிட்டரின் மகள் எனக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

டீ மேக்கர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கோபத்திலும் அவருக்கு மரியாதை குறையாது. "ஏனுங்க, அந்தப் பக்கம் ஆருங்க இருக்கறாங்க? ஆருக்குங்க குடுக்கறீங்க?" என்று கத்தினார்.

"வந்த பந்தச் சிலோனுக்கே திருப்பி அனுப்பறாருங்க," என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, மைதானமே சிரித்தது. பூட்ஸ் பெரிதாக இருப்பதால்தான் இப்படி என்று நான் சொல்லிப் பார்த்தேன். "ஆமாமா, ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாமா," என்றாள் ஃபிட்டரின் பெண்டாட்டி. தன் புருஷனின் இடம் பறிபோகிற ஆற்றாமை அவளுக்கு.

மறுபடியும் மாமாவுக்குப் பந்து வந்தது. மறுபடியும் அவர் கால் இடது பக்கமாகத் திரும்பியது. அப்போதுதான் என் பக்கத்தில் அம்மா கத்தினாள். பந்து விளையாட்டில் எந்தப் பக்கம் கோல் என்றுகூட அறியாத அம்மா, கம்பளி தலையிலிருந்து நழுவிவிழ, இரண்டு அடி மைதானத்துக்குள்ளேயே போய்க் கத்தினாள்.

"அண்ணன் இல்லடா தம்பி! அங்க அண்ணன் இல்லடா!"

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கோ மானம் போனது. பெரிய மாமா சிலோனில் இருக்கிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே, இதைப் போய் இத்தனை பேர் நடுவில் சொல்லுவார்களா என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். கீழே விழுந்த கம்பளியை அவள் எடுக்கவே இல்லை.

மாமா பந்தை அடிக்கவில்லை. எதிராளி வந்து எடுத்துக்கொண்டு போனதைக்கூடக் கவனிக்காமல், இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். அது அவிழ்ந்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் நெடுநேரம் கட்டினார்.

எழுந்தவர் வேறு ஆளாக ஆடினார். பந்து வந்தால் நிறுத்துவார், தலையைத் தூக்குவார், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார், அவன் காலடிக்கே தள்ளிவிடுவார். எல்லாம் பக்கத்துப் பக்கத்துப் பந்துதான். கிளீனர் நின்ற இடத்திலேயே வாங்கி ஒரு கோல் அடித்துவிட்டு, தானே எல்லாம் செய்ததுபோல் குதித்தான். டீ மேக்கரின் முகம் தெளிந்துவிட்டது. "இதுதானுங்க வேணும். நாளைக்குக் காலைல ஃபேக்டரிக்கு வந்துருங்க," என்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு ஃபிட்டர் நொண்டிக்கொண்டு வந்தார். மாமா பூட்ஸைக் கழற்றி நீட்டினார். அவர் வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க," என்றவர், கொஞ்சம் தயங்கி, "மொதல்ல அடிச்சீங்களே, அந்த மாதிரிப் பந்தடிக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லீங்க," என்றார். சரிவுக்குள் போய்த் தொலைந்த பந்தை இவர் எதற்குப் பாராட்டுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டீமில் இடம் போனவருக்குப் புத்தியும் குழம்பிவிட்டது போலும் என்று முடிவுகட்டினேன்.

மாமா பிறகு பல சீசன்கள் ஆடினார். அடுத்த கோடையிலேயே பிக்கட்டிக்காரர்களை வென்றோம். துரை ஃபேக்டரியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எங்களுக்குத் தனி வீடு வந்தது. நான் அதிலிருந்துதான் படித்து வெளியே வந்தேன். மாமாவை எல்லாரும் நல்ல சென்டர் ஹாஃப் என்றார்கள். பார்த்து நிதானமாகக் கொடுக்கிறவர் என்று பேர். நிமிராமல் தூக்கி அடிக்கிற அந்தப் பந்தை மட்டும் நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. பெரிய மாமாவையும் நாங்கள் பார்க்கவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அன்றைக்கு வலிக்கவில்லை, அன்றைக்கு எனக்கு ஒரே கொண்டாட்டம்.

வீடு திரும்பும் வழியில் மாமா பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டு வெறுங்காலில் நடந்தார். அம்மா தலையைக் குனிந்தபடி வந்தாள். வேலை கிடைத்த நாளில் இப்படியா முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏன் மாமா அந்தப் பக்கமே அடிச்சீங்க?"

"கால் பழகிப்போச்சு புள்ள."

"ஆள் இருக்கானான்னு பாத்துட்டு அடிக்கணும் மாமா. இல்லாத ஆளுக்கு அடிச்சா யார் எடுப்பா?"

"வாய மூடிக்கிட்டு வா," என்றாள் அம்மா.

"அவ சொல்றது சரிதான் அக்கா," என்றார் மாமா. "இனிமே பாத்துத்தான் அடிக்கணும்."

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மாமாவைப் பற்றிச் சொல்லி அவரை மைதானத்துக்குக் கொண்டுவந்ததும் நான். அவர் ஆட்டத்தில் இருந்த கோளாறைத் திருத்தியதும் நான். புது வீட்டுக்கு எந்த நிறப் பூட்டு வாங்குவது என்று யோசித்துக்கொண்டே பாதையில் முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால், மாமாவும் அம்மாவும் வளைவிலேயே நின்றிருந்தார்கள். இடது பக்கம் எதையோ பார்ப்பதுபோல் இருந்தது. நானும் பார்த்தேன். அங்கே தேயிலைச் சரிவும் அதன்மேல் மூடுபனியும்தான் இருந்தன. ஒன்றுமே இல்லாத இடத்தில் இவ்வளவு நேரம் என்ன பார்க்கிறார்கள் என்று புரியாமல், சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தினேன்.