எரிஞ்சிட்ச்சி

விளக்கு ‘எரிகிறது’ என்று பேசும் ஊரில் பிறந்தவள் ஒளி உமிழும் சாதனங்களின் ஆராய்ச்சிக்குப் போயிருக்கவே கூடாது. போனேன். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில், திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குப் போய் என் பொறுமையைத் தொலைத்தேன்.

வேலை இதுதான்: இரிடியம் சேர்ந்த கரிமப் பொடியை வெற்றிடத்தில் ஆவியாக்கி, கண்ணாடித் தகட்டின் மேல் மெல்லிய படலமாகப் படியவைப்பது. மின்சாரம் கொடுத்தால் பச்சையாக ஒளிரும். கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாலோ திறன் சரிந்துவிடும். வெளிச்சத்துக்குப் பதில் சூடுதான் வரும். அந்தச் சரிவைத் தடுக்க நான் இன்னொரு படலம் சேர்த்துப் பார்த்தேன். பாதி வேலையில் கரண்ட் போகும், பம்ப் நிற்கும், தகடு பாழ். எத்தனை முறை! கடைசியில் ஒரே ஒரு தகட்டுக்குத்தான் பொடி மிச்சம். புதுப் பொடி வருவதற்குள் ஆய்வேடு கொடுக்கும் கெடு முடிந்துவிடும்.

அந்தத் தகடு நன்றாகவே வந்தது. மறுநாள் ஞாயிறு, அக்கா மகளுக்கு சர்ச்சில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. போகாவிட்டால் அக்கா ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். சோதிக்கும் பொறுப்பை, பக்கத்துக் கெடார் கிராமத்திலிருந்து வரும் சக ஆய்வாளர் அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனேன்.

பூசை முடிந்ததும், கோயில் வாசலில் பேண்டு சத்தத்துக்கு நடுவே அவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, எரிஞ்சிதா?”

“எரிஞ்சிட்ச்சிமா.”

அவர் குரல் எப்போதுமே எழவு வீட்டுக் குரல்தான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உடனே என் பேராசிரியரை அழைத்தேன். “சார், எரிஞ்சிடுச்சு சார்!” அவரும் குதூகலமாகி, திங்கட்கிழமை துறைத்தலைவரையே கூட்டிவருவதாகச் சொன்னார். நான் பிரியாணியை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பார்த்தால், தகட்டின் நடுவே மிளகளவு கறுப்புப் புள்ளி. கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் கருகியிருந்தது.

“நான்தான் அப்பவே சொன்னேனேமா,” என்றார் அண்ணன் பாவமாக.

“கருகிப் போச்சுன்னு சொல்ல வாய் வரலியா உங்களுக்கு?” என்று கத்தினேன். அவர்மேல் தப்பில்லை என்று தெரிந்தேதான் கத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

துறைத்தலைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. ஆய்வேட்டின் முதல் பக்கத்தை வாங்கி, தலைப்பிலிருந்த ‘திறனை மேம்படுத்துதல்’ என்பதை அடித்துவிட்டு, ‘திறன் குறித்த ஓர் ஆய்வு’ என்று எழுதிக் கொடுத்தார். எனக்குப் பட்டம் அந்தத் தலைப்பில்தான் கிடைத்தது.