எனக்கும் அந்தப் பாடத்துக்கும் நடுவில்

இந்த ஊரில் படிவத்தைப் பென்சிலால் நிரப்பச் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்தில் வளர்ந்த எனக்கு அது இன்னும் பழகவில்லை. அங்கே நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தாளைத் திருப்பித் தள்ளிவிடுவார். இங்கே, கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் சிறிய பல்கலைக்கழகத்தில், நாலு வருடப் படிப்பையும் கட்டம் கட்டமாகப் போட்ட ஒரு பெரிய தாளை மேசையில் விரித்து, பக்கத்திலேயே பென்சிலும் ரப்பரும் வைக்கிறார்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டும். மனம் மாறினால் அழித்துக்கொள்ளலாம். முப்பத்தாறு வயதில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவள் நான். அந்தத் தாளின் முன் உட்காரும்போதெல்லாம், வேறு யாரோ ஒருத்தியின் வாழ்க்கையைத் தூக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

ஊரில் யாரும் என்னிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டுச் சேர்க்கவில்லை. அப்பாவோடு கல்லூரிக்குப் போன அன்று பி.காமில் இடம் இருந்தது, அதனால் பி.காம் படித்தேன். முடித்ததும் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் விற்பனைக்கு நின்றேன். கல்யாணம் ஆனது. கணவருக்கு இங்கே கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். இங்கேதான் என்னிடம் முதல்முறையாக ஒருவர் கேட்டார்: “நீங்கள் என்ன படிக்க ஆசைப்படுகிறீர்கள்?” யோசிக்காமலே சைக்காலஜி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போலவே இரண்டு வருடம் படித்தேன்.

மூன்றாம் வருடப் பாடங்களைத் திட்டமிட, போன வசந்தத்தில் ஹெலனைப் பார்க்கப் போனேன். மாணவர்களுக்குப் பாடத் திட்டத்தில் ஆலோசனை சொல்வது அவர் வேலை. என் தாளில் புள்ளியியல் இருந்தது, குழந்தை வளர்ச்சி இருந்தது, நினைவாற்றல் இருந்தது. ‘அப்நார்மல் சைக்காலஜி’ இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்து, தாளே மெலிந்து போயிருந்தது. ஹெலன் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இந்தப் பாடத்தோடு உங்களுக்கு ஏதாவது கான்ஃபிளிக்ட் இருக்கிறதா?”

அந்தச் சொல்லை நான் பாடப்புத்தகத்தில்தான் கற்றிருந்தேன். மனதுக்குள் நடக்கும் போராட்டம் என்று அதற்கு அர்த்தம் எழுதி வைத்திருந்தேன். இவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று அதிர்ந்து, “ஆமாம், என் அண்ணன்” என்றேன்.

“செவ்வாய், வியாழன் பத்து மணிக்கு அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டுமோ?”

“இல்லை. அவர் இந்தியாவில் இருக்கிறார்.”

ஹெலன் குழம்பிப்போய் நேர அட்டவணையைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது, அவர் கேட்டது வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்று. சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவர் எழுந்து போய் கதவைச் சாத்திவிட்டு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசியில், “இந்தப் பாடம் இல்லாமல் நாலாம் வருடக் களப்பயிற்சிக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

என் அண்ணன் தாவீது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தான். விடியற்காலையில் மூங்கில் மண்டபம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறுவான். ஒருநாள் ஏறவில்லை. மறுநாளும் எழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் எட்டு மாதம் அப்படியே கிடந்தான். தட்டில் சோறு காய்ந்தது. கூப்பிட்டால், ரொம்ப தூரத்திலிருந்து கேட்பவன் போலத் திரும்பிப் பார்ப்பான். சர்ச்சிலிருந்து ஐயர் வந்து ஜெபித்தார். தெருவில் கேட்டவர்களிடம் அம்மா மஞ்சள் காமாலை என்றாள். நான் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம், “சோம்பேறி, நடிக்கிறான்” என்று அவன் காதில் விழச் சொல்லிவிட்டுப் போவேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

அந்த மாதங்களில்தான் என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். முதல்நாள் மாலை, நான்தான் அம்மாவிடம் சொன்னேன்: “அவங்க வரும்போது அவன் இங்க இருக்க வேணாம்மா. இவன பாத்தா யாரு இந்த ஊட்ல பொண்ணு எடுப்பாங்க?” நடுவில் ஒரு துணித் திரைதான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்து வந்தான். எட்டு மாதத்தில் அவன் சட்டை போட்டு நான் பார்த்தது அன்றுதான். ஒரு பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தென்னேரி அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டான். அங்கே பகலெல்லாம் ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். அத்தைக்குப் பயம் வந்து, கையைப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் மெல்லத் தேறினான். என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் சாம்பார் பரிமாறினான். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். அங்கே மாலை. இப்போது அவன் காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஸ்டாண்டில் நின்றிருந்தான்.

“இன்னா பாப்பா, வேலை நாள்ல கூப்புடுற?”

“ஒரு பாடம் எடுக்கணும்ணா. மனசுக்கு முடியாம போறத பத்தின பாடம்.”

ஹாரன்கள் கேட்டன. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

“அதுல நான் வருவனா?”

“உன்ன மாதிரி வருவாங்க.”

“பாடத்துக்கு பேரு இன்னா?”

சொன்னேன். சிரித்தான். “நார்மலு இல்லாதது. அதானே? அந்த டாக்டரம்மா அப்டி சொல்லல. வந்திருக்குது, போயிடும்ப்பான்னாங்க.”

“அன்னிக்கு உன்ன போவ சொன்னது நான்தாண்ணா.”

“தெரியும். கேட்டுக்கினுதானே இருந்தேன்.”

அவன் மறந்துவிட்டேன் என்று சொல்வான் என எதிர்பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

“கஷ்டமாதான் இருந்துச்சு. பஸ்ல அழுதுக்கினே போனேன். எட்டு மாசமா எனக்கு அழுவயே வரல பாப்பா. அன்னிக்குதான் வந்துச்சு.” அவனே தொடர்ந்தான்: “நீ படி. படிச்சிட்டு எனக்கு சொல்லு. அந்த எட்டு மாசம் எனக்கு இன்னா ஆச்சுன்னு இன்னி வரைக்கும் ஒருத்தரும் சொல்லல. மாத்திர குட்த்தாங்க, அவ்ளோதான்.” பிறகு, “தோ, சவாரி வந்துட்டாங்க, வெக்கிறேன்” என்று வைத்துவிட்டான்.

அன்றே அந்தக் கட்டத்தில் பாடத்தின் பெயரை எழுதினேன். ஹெலன் பார்த்துத் தலையசைத்தார்.

செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது. வாரத்துக்கு ஒருமுறை, படித்ததை என் பேச்சுத் தமிழில் சொல்லிப் பதிவுசெய்து அண்ணனுக்கு அனுப்புகிறேன். மனச்சோர்வைப் பற்றி அனுப்பிய வாரம் மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள், “ரெண்டு தபா கேட்டேன். நான் சோம்பேறி இல்ல” என்று ஒரே வரி வந்தது. பல்கலைக்கழகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூடுபனி என் முழங்கால்வரை வந்து நின்றது.

இப்போதெல்லாம் அவன் அந்தப் பதிவுகளை வண்டியில் போடுகிறான். போன வாரம் அவன் அனுப்பிய பதிவில் இன்னொரு குரல் இருந்தது. சந்தைக்குப் போகும் யாரோ ஒரு அம்மா: “எம்மா, எம் மருமவ புள்ள பெத்து ரெண்டு மாசம் ஆவுது. புள்ளய தொடவே மாட்டேன்றா. செவுத்தையே பாத்துக்கினு இருக்குறா. திட்டலாமா, கூடாதா? கேட்டு சொல்லுமா.”

மறுநாள் வகுப்பில் கையைத் தூக்கினேன். இரண்டு வருடத்தில் நான் கை தூக்கியது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். பேராசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கவனமாகக் கேட்டார். திட்டக் கூடாது, தனியாக விடக் கூடாது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றார். நான் தமிழில் வேகமாக எழுதிக்கொண்டேன். பேராசிரியருக்குக் கவலை போகவில்லை. தாளில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதியபடியே கேட்டார்: “அந்தப் பெண் இங்கேதான் இருக்கிறாரா?”

“ஆமாம், இங்கேதான்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபோது நான் அண்ணனின் ஆட்டோவில் இருந்தேன்; சொன்ன பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். பனியில் கடலும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. பேராசிரியர் இந்த ஊர் மருத்துவமனையின் எண்ணை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டேன்.