மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த என்ஜின்

வாங்கியபோது அந்தச் சின்ன ரயில் என்ஜின் பளபளவென்று பொம்மை போலத்தான் இருந்தது. நானுஓயா ஸ்டேஷனில் வந்து நிற்கும் நிஜ என்ஜினைப் போல அதை மாற்ற எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

கூரையில் புகைக்கரி, சக்கரங்களில் துரு, பக்கங்களில் மழை வழிந்த கோடுகள். எல்லாம் மெல்லிய தூரிகையால் நானே வரைந்தவை.

நாளை அண்ணனுக்குப் பிறந்தநாள். நானுஓயா பாதையில் ரயில் ஓட்டுபவர். பரிசாகக் கொடுக்க, கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லி ஹட்டனில் ஒரு கடையில் என்ஜினை விட்டுவந்தேன்.

இன்று போனால், கடைக்காரர் சிரித்துக்கொண்டே என்ஜினைப் பெட்டியோடு நீட்டுகிறார்.

"ஒரே அழுக்கா இருந்துச்சுங்க டீச்சர். மண்ணெண்ணெ போட்டு நல்லா தொடைச்சிட்டேன். இப்ப புதுசு மாதிரி இருக்கு பாருங்க!"

"யாருங்க உங்கள தொடைக்கச் சொன்னது? அது அழுக்கு இல்லீங்க, நான் வரைஞ்சது!" என்று கத்திவிட்டேன்.

அவர் நம்பவேயில்லை. "அழுக்கப் போயி யாராவது வரைவாங்களா டீச்சர்?"

என்ஜினைப் பிடுங்கிக்கொண்டு லிந்துலை பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் தூரிகையோடு மறுபடி வரைய உட்கார்ந்தேன். மூன்று வார வேலை ஒரே ராத்திரியில் எப்படி முடியும்? அண்ணனுக்கு நாளை பாதி அழுக்கு என்ஜின்தான்.

கொடுத்த பொருளைக் கொடுத்தபடியே திருப்பித் தரும் கடை ஹட்டனில் இருந்தால் சொல்லுங்கள்.