முப்பத்தொன்றில் நான்கு

ஸ்ஃபாக்ஸ் நகரில், ஆலிவ் எண்ணெய் ஆலைகளுக்கு எந்திரம் செய்யும் நிறுவனம் ஒன்றில் ரவ்தா கெஷாவ் பதினெட்டு வருடமாக வேலை பார்த்தாள். எந்திரத்துக்குள் இருக்கும் சின்னக் கணினிக்கு என்ன செய்யவேண்டும் என்று எழுதிக் கொடுக்க, அவளே ஒரு நிரல்மொழியை உருவாக்கியிருந்தாள். அதில் ஒரு வசதி அவளுக்கு உயிர். யாராவது கிலோவோடு லிட்டரைக் கூட்டி எழுதினால் மொழியே தடுத்துவிடும். அதற்காக நான்கு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள்.

துனிஸிலிருந்து வந்த புதுத் தலைவர் நஜீப், ஒரு நல்ல நிரல்மொழிக்கு வேண்டிய வசதிகள் என்று ஒரு பட்டியலைச் சுவரில் காட்டினார்.

"லல்லா ரவ்தா," என்று மரியாதையாகவே ஆரம்பித்தார், "முப்பத்தொண்ணுல உங்களுது நாலுதான் தேறுது. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"இருநூறு ஆலை இதுலதான் ஓடுதே, அது எத்தனாவது வரிசையில வருது?"

"அது பழக்கம். வசதி இல்லை."

"அப்ப பழக்கத்துக்கும் ஒரு வரிசை போடுங்க."

அறை சிரித்தது. நஜீப் சிரிக்கவில்லை. இந்த ஆலிவ் பருவத்திலேயே, முப்பத்தொன்றும் தேறிய ஒரு புது மொழியை மூன்று ஆலைகளில் போடச் சொல்லிவிட்டார்.

தன் மொழி நிலைத்ததே அந்தக் கிலோ-லிட்டர் வசதியால்தான் என்று நிரூபிக்க ரவ்தா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மஹ்ரெஸ் சாலையில் முதல் ஆலை. மெக்கானிக் பன்னூர் எண்ணெய்க் கையோடு வெளியே வந்தார்.

"கிலோ-லிட்டரா? அதை முதல் நாளே நிறுத்திட்டேன் மகளே. சும்மா சும்மா கத்துது."

"அப்ப எதுக்கு சித்தப்பா என் மொழியை வெச்சிருக்கீங்க?"

"பக்கத்து ஆலைக்காரன் எழுதினதை வாங்கிப் போட்டேன். அவன் வேற எவன்கிட்டயோ வாங்கினான். நின்னு போச்சுன்னா நீ போனை எடுக்கறே. வேற என்ன வேணும்?"

பதினோரு ஆலைகள் பார்த்தாள். ஒன்பதில் அந்த வசதி நிறுத்தப்பட்டிருந்தது. காரில் உட்கார்ந்து, பன்னூர் கொடுத்த ரொட்டியைப் புது எண்ணெயில் தோய்த்துத் தின்றாள். யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை.

இதற்குள் புது மொழி போட்ட மூன்று ஆலைகளிலும் பழைய கணினிகள் அதன் பாரம் தாங்காமல் திணறின. கேட்டுச் சரிசெய்துகொள்ளப் பக்கத்து ஆலையிலும் ஆளில்லை. ஒரே வாரத்தில் மூன்றும் ரவ்தாவின் மொழிக்கே திரும்பின.

கூட்டத்தில் அவள் எதையும் மறைக்கவில்லை. "என் அருமை வசதியைப் பதினொண்ணுல ஒன்பது ஆலை நிறுத்தியே வெச்சிருக்கு. அதுக்காக யாரும் வரவும் இல்லை. உங்க முப்பத்தொண்ணுக்கும் அதே கதிதான்."

நஜீப் இறங்கிவந்தார். "சரி, மொழி இருக்கட்டும். அந்தக் கிலோ-லிட்டரையாவது எடுத்துடுங்க. வீண் சுமை."

"எடுக்க மாட்டேன்."

"அதால ஒரு ஆலைகூட வரலைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா. ஜெயிக்கறதுக்குன்னா வெச்சேன்? கூட்டக் கூடாததைக் கூட்டக் கூடாது, அவ்வளவுதான்."

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அவள் மொழியின் அடுத்த பதிப்பில், அந்த வசதியை நிறுத்த வேண்டுமானால் முழுதாக ஒரு வரி தட்டச்சு செய்தாக வேண்டும்: 'தப்பு என்று தெரிந்தே கூட்டுகிறேன்.'

பன்னூர் போனில் கத்தினார். "என்ன மகளே, சத்தியம் வாங்கறியா?"

"ஆமா சித்தப்பா. அடிங்க, எழுத்துப் பிழை இல்லாம."