பிரிக்காத ஆட்டப் பெட்டிகள்

துறைமுகத்தில் நான் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறிக்கும் வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமான புதிது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒன்றரை அறை வீடு. நான், என் மனைவி, என் அப்பா. மனைவி கான்வென்ட் பள்ளியில் டீச்சர். அப்பாவும் துறைமுகத்துக்காரர்தான், சரக்குகளைக் கயிறு போட்டுக் கட்டும் கேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய் வெகு நாளாகிவிட்டது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் வீட்டில் அப்பா மட்டும்தான்.

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது: வெளிநாட்டு ஆட்டப் பெட்டிகள். கப்பல் சிப்பந்திகள் மாதக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். பொழுது போக ஏதேதோ ஆட்டங்களை வாங்கி வைத்திருப்பார்கள். சலித்துப் போனதும் கரையில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு நேராகக் கிடைத்தவை சில. மற்றவை மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடைகளுக்கு வந்து சேரும். நான் அங்கே போய்ப் பொறுக்கி எடுத்துவருவேன். தகரக் கப்பல்களை உலகப் படத்தின் மேல் நகர்த்தும் ஆட்டம் ஒன்று. குதிரைப் பந்தயம். சாவி கொடுத்தால் வளைந்து வளைந்து ஓடும் ஜப்பான் கார். பனிமலை ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு நம்மைச் சேர்க்கச் சொல்லும் பெட்டி.

ஒன்றைக்கூட நான் ஆடியதில்லை. ஆசை இல்லாமல் இல்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு வரும்போது, இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வரும். இல்லாவிட்டால் பூசை, உறவுக்காரர் வீடு, தூக்கம். விதிமுறைப் புத்தகங்கள் நான் பார்த்தேயிராத எழுத்துகளில் இருக்கும். அரைகுறையாக ஆடி ஆட்டத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நிம்மதியாக நாலு நாள் லீவு கிடைக்கட்டும், முறையாக ஆடலாம் என்று ஒவ்வொன்றையும் சணல் நூலால் கட்டி பீரோ மேலே வைத்தேன். பீரோ மேல் இடம் தீர்ந்ததும் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அடுத்த கப்பல் வந்தால் அடுத்த பெட்டி வரும். பழைய பெட்டிகளைப் பார்க்கும்போது ஏதோ செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது போல உறுத்தும். அந்த உறுத்தலைப் போக்க இன்னொன்று வாங்குவேன்.

"ஏங்க, துணி வைக்க எடமில்ல. இதையெல்லாம் எப்ப ஆடப்போறீங்க?" என்பாள் மனைவி.

"லீவு வரட்டும்."

"லீவு வந்தா நீங்க மூர் மார்க்கெட் போவீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை.

ஒரு நாள் புதிதாக வந்த பெட்டியை வைக்க பீரோ மேலே கை நீட்டியபோதுதான் அந்த முடிச்சைக் கவனித்தேன். நான் எப்போதும் ஷூ நாடா கட்டுவது போலத்தான் கட்டுவேன். ஒரு நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கப்பல் ஆட்டப் பெட்டியில் இருந்தது வேறு மாதிரி முடிச்சு. தட்டையாக, இறுக்கமாக, நகத்தை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. மற்றவற்றை இறக்கிப் பார்த்தேன். பெரும்பாலான பெட்டிகளில் அதே முடிச்சு.

யாரோ என் பெட்டிகளைப் பிரித்திருக்கிறார்கள். பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். திருடன் என்றால் எடுத்துக்கொண்டு போயிருப்பான். எதுவும் குறையவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. அந்தச் சாமான் எதற்கும் என்னிடம் ரசீது கிடையாது. துறைமுகத்தில் வேலை பார்ப்பவன் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் என்று சுங்க இலாகாவுக்கு யாராவது தகவல் கொடுத்தால் போதும், வேலைக்கே ஆபத்து. அப்படித் தகவல் கொடுத்தே காலம் தள்ளுகிற ஆட்களும் எங்கள் பக்கத்தில் உண்டு என்று பேச்சு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரோ பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

அப்பாவிடம் கேட்டேன். "நைனா, பகல்ல யார்னா வூட்டுக்கு வந்தாங்களா?"

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "யாரு வர்றா? காக்கா வருது" என்றார்.

"நீ தூங்கும்போது கதவு தொறந்து கெடக்குதா?"

"நான் இன்னாத்துக்குத் தொறந்து போட்டுத் தூங்கறேன்? கம்னு வேலையப் பாரு."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிரவே கப்பல் பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். உலகப் படத்தின் மடிப்பில் பழுப்பு நிறத்தில் ஏதோ தூள் ஒட்டியிருந்தது. முகர்ந்ததும் அடுக்கடுக்காகத் தும்மினேன். மூக்குப்பொடி. அப்பா பீடி பிடிப்பாரே தவிர, பொடி போடமாட்டார். எங்கள் தெருவில் இடுப்பு மடிப்பில் பொடி மட்டையோடு திரிகிற ஆள் ஒருவர்தான். எதிர்வீட்டுக்காரர்.

எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் அப்பாவும் ஒரே கேங்கில் வேலை பார்த்தவர்கள். ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நான் சிறுவனாக இருந்தபோது துறைமுகத்தில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. வாரக்கணக்கில் நீண்டது. முடிவதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரர் வேலைக்குள் போய்விட்டார். வீட்டில் பிள்ளைகள் பட்டினி. அப்பா துறைமுக வாசலில் நாலு பேர் முன்னால் அவரை ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தையை நான் எழுத முடியாது. அதோடு பேச்சு நின்றது. தெருக் குழாயில் ஒருவர் நின்றால் மற்றவர் குடத்தோடு திரும்பிவிடுவார். கோயிலில் ஒருவர் இடப்பக்கம் உட்கார்ந்தால் மற்றவர் வலப்பக்கம். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அவருக்கு எங்கள் வீட்டின் மேல் கோபம் இருக்கத்தான் வேண்டும். என் வேலைக்கு உலை வைத்துப் பழி தீர்க்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். மனைவியிடம் சொன்னேன்.

"பாத்தீங்களா?" என்றாள்.

"பாக்கல."

"அப்ப வாயத் தொறக்காதீங்க. அவர் வீட்டம்மாவும் நானும் தினமும் ஒரே பஸ்ல போறவங்க."

அவள் பள்ளியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த சாக்பீஸ் தூளைக் கேட்டு வாங்கி, மறுநாள் காலை பெட்டிகளின் மேல் லேசாகத் தூவிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பினால் குதிரைப் பந்தயப் பெட்டி மேல் தூள் இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தது. தெருக் குழாயடிக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நீலச் சட்டையின் முழங்கையில் வெள்ளையாக ஒரு தீற்றல். என்னைப் பார்த்ததும் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. மூட்டைகளின் கணக்குத் தப்பியது. துறைமுகக் கேட்டில் சுங்கக்காரர் யாராவது சிரித்தால்கூட ஏதோ தெரிந்து சிரிக்கிறார் என்று தோன்றியது. பெட்டிகளை எல்லாம் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். மனசு வரவில்லை. ஒன்றைக்கூட இன்னும் ஆடவில்லையே.

அந்த வாரம் ஒரு நாள் கப்பலில் மூட்டை தூக்கும் விஞ்ச் பழுதாகி சரக்கு இறக்குவது நின்றது. மேஸ்திரி எங்களைப் போகச் சொல்லிவிட்டார். உச்சி வெயில். வேர்த்து ஒழுக நடந்து வீட்டுக்கு வந்தேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டப் போன கையை இழுத்துக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடம் தெரியும்.

தரையில் உலகப் படம் விரித்திருந்தது. ஒரு பக்கம் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் எதிர்வீட்டுக்காரர். நடுவில் தகரக் கப்பல்கள்.

அப்பா பகடையைத் தள்ளிவிட்டு, "கப்பலு உன்து. போடு" என்றார்.

அவர் உருட்டினார். கப்பலை நகர்த்தினார். சிவப்பாக வட்டமிட்ட ஒரு கட்டத்தில் வந்து நின்றது. அந்தக் கட்டத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் என்ன பொருள் வைத்திருந்தார்களோ எனக்குத் தெரியாது. இவர்கள் தாங்களாகவே ஒரு பொருள் வைத்திருந்தார்கள்.

"ஸ்ட்ரைக்கு" என்றார் அப்பா. "ஒக்காரு."

எதிர்வீட்டுக்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அப்பா தன் ஆட்டத்தை ஆடினார். மறுபடியும் ஆடினார். மூன்றாவது முறையும் பகடையை எடுத்தார்.

"எம்மா நேரம் ஒக்கார்றது?" என்றார் அவர்.

"முடியற வரிக்கும்."

"பசிச்சா?"

அப்பா பகடையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். எதிர்வீட்டுக்காரர் பொடி மட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். தும்மல் வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு அப்பா பகடையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"சரி, போடு" என்றார்.

நான் சந்தில் அப்படியே நின்றிருந்தேன். அங்கிருந்து போய்விடத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு பூனை என் காலில் உரசியதில் வெளியே சாய்த்து வைத்திருந்த முறம் விழுந்தது. இருவரும் திரும்பினார்கள். எதிர்வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, தாழ்ப்பாளை நீக்கி வெளியே போனார். நான் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தபோது என்னைக் கடந்துதான் போனார்.

"இன்னா இந்த நேரத்துல?" என்றார் அப்பா.

"விஞ்ச்சு ரிப்பேரு." செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். "நீ எப்ப அவராண்ட பேச ஆரம்பிச்ச?"

"யாரு பேசுனா? ஆட்டம் ஆடறோம்."

"எப்டி வந்தாரு?"

கப்பல்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தபடி சொன்னார். "பகல் பூரா செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துனு இருந்தேன். ஒரு நாளு பெட்டியத் தொறந்தேன். ஒத்த ஆளு ஆட முடியல. அவனும் அங்க படிக்கட்டுல சும்மா ஒக்காந்துனு இருந்தான். பெட்டியத் தூக்கிக் காட்னேன். வந்தான்." நூலை அதே தட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டினார். "நீ வாங்கிப் போட்டுக்கினே கீறே. யாருனா ஆட வேணாமா?"

பனிமலைப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் ஆடி முடித்திருந்தார்கள். மலையில் பாதி வரை சேர்த்து, எல்லாத் துண்டும் வெள்ளையாகவே இருக்கிறது என்று கலைத்துவிட்டார்களாம்.

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். சாந்தமாகக் கேட்டுக்கொண்டாள். எனக்கு அவள் மேலேயே சந்தேகம் வந்தது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவர் வீட்டம்மா பஸ்ல சொன்னாங்க. மாமாவுக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

"சாக்பீஸ் தூள் கேட்டப்ப?"

"நீங்க கேட்டீங்க, குடுத்தேன்."

மறுநாள் பகல் எதிர்வீட்டுக்காரர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் பார்த்துவிட்டதால் எல்லாம் கெட்டுப்போயிற்றோ என்று எனக்கு உறுத்தியது. புதிதாக வந்த பெட்டி ஒன்று கட்டிலில் கிடந்தது. உள்ளே என்ன என்று நானே பார்க்கவில்லை. அதை அப்பாவின் பாயருகே வைத்துவிட்டு, "நாளைக்கு எனக்கு டபுள் ஷிப்டு நைனா. ராத்திரிதான் வருவேன்" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த நாள் திரும்பி வந்தபோது அந்தப் பெட்டி பிரித்திருந்தது.

தெருவில் அவர்கள் கடைசி வரை பேசிக்கொள்ளவில்லை. குழாயடியில் ஒருவரைக் கண்டால் இன்னொருவர் திரும்பிப் போவதும் நிற்கவில்லை. தெருக்காரர்கள் பழைய பகை இன்னும் தீரவில்லை என்றே நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மனைவியும் அப்பாவோடு ஆட உட்கார்ந்தோம். நான் ஜெயிக்கப் போகிற நேரம் பார்த்து அப்பா ஒரு புது விதியைச் சொல்வார். "அது எங்க போட்டுக்கீது?" என்று கேட்டால் அச்சடித்த தாளைக் காட்டுவார். அது எந்த நாட்டு எழுத்து என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

சில வருஷங்களில் எதிர்வீட்டுக்காரரின் மகனுக்கு எண்ணூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்கள். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியபோது அப்பா வெளியே வரவில்லை. ஒரு மாதம் போல உள்ளேயே கிடந்தார். பெட்டி எதையும் தொடவில்லை.

பிறகு ஒரு காலை, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கையில் துணிப்பை. பையின் பக்கங்கள் சதுரமாகப் புடைத்திருந்தன.

"எண்ணூருக்கு எங்க பஸ் ஏறணும்?"

"இன்னாத்துக்கு நைனா?"

"அங்க மீனு நல்லா கீதாம்."

எங்கே ஏற வேண்டும் என்று சொன்னேன். சாயங்காலம் திரும்பி வந்தார். முகம் வெயிலில் கருத்திருந்தது. பேச்சில் ஒரு தெம்பு. "மீன் எங்க மாமா?" என்று மனைவி கேட்டாள்.

"இன்னிக்குக் கெடைக்கல" என்றார். "வர்ற வாரம் போய்ப் பாக்கறேன்."